வளரும் பருவமும் நாளமில்லாச் சுரப்பிகளும்

பள்ளிக்கூடத்தில் காலை வழிபாட்டுக்கு அணிவகுத்து நிற்கும்போது குட்டையானவர் முன்னும் நெட்டையானவர் பின்னுமாக நிற்பது வழக்கம். அந்த வரிசை ஆண்டுதோறும் மாறும். சென்ற ஆண்டு முன்னால் நின்றவன் இவ்வாண்டு நடுவில் நிற்பான். நடுவில் நின்றவள் கடைசிக்குப் போயிருப்பாள். ஆனால் எங்கேனும் ஒரு பிள்ளை மட்டும், ஆண்டுகள் பல கடந்தும், முன்வரிசையை விட்டு நகராமல் நின்றுகொண்டிருக்கும். தோழர்கள் அப்பிள்ளைக்கு ஒரு பட்டப்பெயர் சூட்டுவார்கள். வீட்டிலோ, "எங்கள் குடும்பமே குட்டைதான்" என்றும், "வயது வந்தால் தானாக வளர்ந்துவிடுவான்" என்றும் சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்வார்கள். பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கும். சில வேளைகளில் சரியாக இராது. அந்தச் சில வேளைகளைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். ஏனெனில், அவற்றில் காலம் ஒரு முறை தவறிவிட்டால், பிறகு எந்த மருந்தாலும் அதனை மீட்க இயலாது.

வளர்ச்சி என்பது நம் கண்முன்னே நடப்பது. எனினும் கண்ணுக்குப் புலனாகாதது. நாள்தோறும் பிள்ளையைப் பார்க்கும் தாய்க்கு அதன் வளர்ச்சி தெரிவதில்லை, விடுமுறைக்கு வந்த மாமாதான், "என்ன, இப்படி வளர்ந்துவிட்டாயே!" என்று வியக்கிறார். ஆகவே, வளர்ச்சியை அறிய வேண்டுமானால் அளக்க வேண்டும். ஒரு முறை அளந்தால் போதாது, மீண்டும் மீண்டும் அளக்க வேண்டும். இவ்வுண்மையைச் செயலில் காட்டியவர் பிரான்சு நாட்டு மோன்பெய்யார் பிரபு. அவர் தம் மகன் பிறந்த 1759-ஆம் ஆண்டு தொடங்கி, அவனுக்குப் பதினெட்டு வயது நிரம்பிய 1777-ஆம் ஆண்டு வரையில், அவனுடைய உயரத்தை அளந்து குறித்து வந்தார். அவருடைய நண்பரும் இயற்கை நூல் அறிஞருமான பஃபன் அக்கணக்கைத் தம் நூலில் வெளியிட்டார். ஒரு தகப்பன் தன் மகனுக்காக எழுதிவைத்த அந்தக் குறிப்பு இன்றும் வளர்ச்சி இயல் நூல்களில் எடுத்துக்காட்டாக நிற்கிறது.

அக்கணக்கும் அதன் பின் வந்த எண்ணற்ற கணக்குகளும் ஓர் ஒழுங்கைக் காட்டுகின்றன. பிறந்த முதல் ஆண்டில் குழந்தை ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் வளர்கிறது. இரண்டாம் ஆண்டில் அதில் ஏறக்குறையப் பாதி. பிறகு வேகம் தணிந்து, பள்ளிப் பருவத்தில் ஆண்டுக்கு 5 அல்லது 6 சென்டிமீட்டர் என்ற அளவில் நடக்கிறது. பருவமடையும் காலத்தில் மீண்டும் ஒரு பாய்ச்சல்; ஆண்டுக்கு 8 முதல் 10 சென்டிமீட்டர் வரை வளர்வதுண்டு. இந்தப் பாய்ச்சல் பெண் பிள்ளைகளுக்கு ஆண் பிள்ளைகளைவிட ஏறத்தாழ இரண்டு ஆண்டு முன்னதாகவே வந்துவிடுகிறது. ஆறாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் பெண்கள் உயர்ந்து நிற்க, பத்தாம் வகுப்பில் ஆண்கள் அவர்களைக் கடந்து செல்வதற்குக் காரணம் இதுவே.

இனி, இந்த வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் நடத்துவது எது என்று பார்ப்போம். நம் உடலில் இருவகைச் சுரப்பிகள் உள்ளன. உமிழ்நீர்ச் சுரப்பி போன்றவை தாம் சுரக்கும் நீரைக் குழாய் வழியே உரிய இடத்துக்கு அனுப்புகின்றன. ஏரியிலிருந்து வாய்க்கால் வழியே வயலுக்கு நீர் போவதுபோல் என்று சொல்லலாம். மற்றொரு வகைக்கு வாய்க்காலே இல்லை. அவை தம் சுரப்பை இரத்தத்தில் நேரே கலந்துவிடுகின்றன. இரத்தம் என்னும் ஆறு அதனை உடலெங்கும் கொண்டு செல்கிறது. எந்த உறுப்பு அதற்குச் செவிசாய்க்க வேண்டுமோ அந்த உறுப்பு மட்டும் செவிசாய்க்கிறது. இவையே நாளமில்லாச் சுரப்பிகள். இவற்றின் சுரப்புக்கு 'ஹார்மோன்' என்ற பெயரை 1905-ஆம் ஆண்டு இங்கிலாந்து நாட்டு உடலியல் அறிஞர் எர்னஸ்ட் ஸ்டார்லிங் வழங்கினார். கிரேக்க மொழியில் 'தூண்டுதல்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்தது அது.

குழந்தையின் வளர்ச்சியில் பங்கு கொள்ளும் ஹார்மோன்கள் பல. அவற்றுள் இரண்டினை முதலில் அறிந்துகொள்ளுங்கள். மூளையின் அடியில், பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரிச் சுரப்பி வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கிறது. கழுத்தின் முன்புறம் உள்ள தைராய்டுச் சுரப்பி தைராக்சினைச் சுரக்கிறது. இவற்றோடு பருவமடையும் காலத்தில் பால் ஹார்மோன்களும் சேர்ந்துகொள்கின்றன. இவை அனைத்தும் சென்று வேலை செய்யும் களம் எலும்பு. கை கால்களின் நீண்ட எலும்புகளில், முனைக்குச் சற்று உள்ளே, குருத்தெலும்பாலான மெல்லிய தட்டு ஒன்று இருக்கிறது. அதற்கு வளர்ச்சித் தட்டு என்று பெயர். அத்தட்டில் புதிய செல்கள் தோன்றித் தோன்றி எலும்பாக மாறுவதால்தான் எலும்பு நீள்கிறது. பருவம் முற்றும்போது அந்தத் தட்டே முழுதும் எலும்பாகி மூடிக்கொள்கிறது. மூடிய கதவு மறுபடி திறப்பதில்லை. காலம் தவறக்கூடாது என்று நான் தொடக்கத்தில் சொன்னதன் காரணம் இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும்.

முதலில் தைராய்டின் வரலாற்றைச் சொல்கிறேன். 1891-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்னும் இளம் மருத்துவர், தைராய்டுச் சுரப்பு குன்றி முகம் வீங்கிச் சோர்ந்து கிடந்த ஒரு பெண்மணிக்கு, ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை ஊசி மூலம் செலுத்தினார். அப்பெண்மணி நலம் பெற்றார். ஒரு சுரப்பி செய்யத் தவறிய வேலையை வெளியிலிருந்து மருந்தாகக் கொடுத்துச் செய்விக்க முடியும் என்பது அன்று நிலைநாட்டப்பட்டது. 1914-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டல் அச்சுரப்பைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தார். அதில் அயோடின் என்னும் தனிமம் அடங்கியிருந்தது. ஆகவே, உண்ணும் உணவில் அயோடின் இல்லையென்றால் தைராய்டு தன் தொழிலைச் செய்ய இயலாது. இயலாமையால் அது பருத்து வீங்குகிறது. இதுவே முன்கழுத்துக் கழலை.

கழலையைத் தடுக்க முடியும் என்பதை மெய்ப்பித்த களம் ஒரு பள்ளிக்கூடமே என்பது, ஆசிரியனாக வாழ்ந்த எனக்குப் பெருமிதம் தரும் செய்தி. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஆக்ரன் நகரம் உள்ளது. அப்பகுதி மண்ணில் அயோடின் குறைவு. 1917-ஆம் ஆண்டு டேவிட் மரீன், கிம்பல் என்ற இருவர் அந்நகரப் பள்ளி மாணவியருள் விரும்பியோர்க்கு ஆண்டில் இரு முறை, சில நாட்களுக்கு, அயோடின் உப்பைச் சிறு அளவில் கொடுத்து வரலானார்கள். அவ்வாறு உட்கொண்ட 2,190 மாணவியருள் 5 பேருக்கே தைராய்டு பருத்தது. உட்கொள்ளாத 2,305 மாணவியருள் 495 பேருக்குப் பருத்தது. இவ்விரு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேறு விளக்கம் வேண்டுமோ? 1922-ஆம் ஆண்டு ஸ்விட்சர்லாந்தின் மலைப்பகுதி ஒன்றில் சமையல் உப்பிலேயே அயோடினைக் கலந்து வழங்கத் தொடங்கினார்கள்.

நம் நாட்டில் இமயமலை அடிவாரம் முழுவதும் கழலை நோய் மிகுந்திருந்தது. மழையும் உருகும் பனியும் அம்மண்ணின் அயோடினை அடித்துச் சென்றுவிட்டன. டாக்டர் வி. இராமலிங்கசுவாமியும் அவருடைய தோழர்களும் 1956-ஆம் ஆண்டு காங்கிரா பள்ளத்தாக்கில் ஏறக்குறைய ஒரு இலட்சம் மக்களிடையே ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினார்கள். பள்ளத்தாக்கை மூன்று வட்டாரங்களாகப் பிரித்து, இரண்டில் அயோடின் கலந்த உப்பையும் ஒன்றில் சாதாரண உப்பையும் வழங்கினார்கள். சில ஆண்டுகளுக்குள் அயோடின் உப்பு உண்ட வட்டாரங்களில் பள்ளிப் பிள்ளைகளிடையே கழலை வெகுவாகக் குறைந்தது. 1962-ஆம் ஆண்டு இந்திய அரசாங்கம் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. பிற்பாடு, மலைநாடுகளில் மட்டுமன்றிச் சமவெளிகளிலும் கடற்கரை மாநிலங்களிலும் இக்குறை உண்டு என்பது தெரியவந்தது. 1992-ஆம் ஆண்டு அத்திட்டத்துக்கு அயோடின் பற்றாக்குறைக் கோளாறுகள் தடுப்புத் திட்டம் என்று பெயர் மாறியது. பெயர் மாறியதில் ஒரு பொருள் உண்டு. கழுத்து வீக்கம் கண்ணுக்குத் தெரியும் சிறு பகுதியே. கருவில் இருக்கும்போதே குழந்தையின் மூளை வளர்ச்சி தடைப்படுவதுதான் பெருங்கேடு. வளர்ந்த மனிதர் ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டிய அயோடின் 150 மைக்ரோகிராம். வாழ்நாள் முழுவதும் சேர்த்தாலும் ஒரு தேக்கரண்டியை எட்டாது. அந்த அணுவளவு கிடைக்காமற் போனதால் தலைமுறை தலைமுறையாக எத்தனை அறிவு மலராமலே கருகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

அயோடின் போதிய அளவில் கிடைத்தாலும், தைராய்டே சரியாக அமையாமல் பிறக்கும் குழந்தைகளும் உண்டு. பிறந்தவுடன் அக்குழந்தையின் முகத்தைப் பார்த்து எவராலும் கண்டுபிடிக்க முடிவதில்லை. நன்றாக உறங்குகிறது, அதிகம் அழுவதில்லை, 'சமர்த்துப் பிள்ளை' என்று தாய் மகிழ்ந்திருப்பாள். மாதங்கள் கடந்து நோய் வெளிப்படும்போது மூளைக்கு நேர்ந்த இழப்பு மீட்க முடியாததாகிவிடும். 1970-களின் தொடக்கத்தில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ழான் தூசோ என்னும் மருத்துவர் ஒரு வழி கண்டார். பிறந்த சில நாட்களுக்குள் குதிகாலில் ஊசியால் குத்தி, ஒரு துளி இரத்தத்தை ஒற்றுத்தாளில் எடுத்துச் சோதித்தால் போதும். குறை தெரிந்தவுடன், இரண்டு வாரத்துக்குள் தைராக்சின் மாத்திரையைக் கொடுக்கத் தொடங்கினால் அக்குழந்தை மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்ந்து கற்கும். ஒரு துளி இரத்தம், நாள்தோறும் ஒரு சிறு மாத்திரை—இவையே ஒரு வாழ்க்கையின் விலை.

பிறப்பில் நலமாக இருந்து, பள்ளிப் பருவத்தில் தைராய்டு குன்றுவதும் உண்டு. பெண் பிள்ளைகளிடத்தே இது அதிகம். உயரம் நின்றுபோகும், எடை கூடும், உடல் சோர்வுறும், தோல் வறளும், சிறு குளிரையும் பொறுக்க முடியாது, மலச்சிக்கல் தோன்றும். வகுப்பில் இப்பிள்ளையைச் சோம்பேறி என்று வைவது எளிது. அப்பிள்ளைக்கு வேண்டியது வசவு அன்று, ஓர் இரத்தப் பரிசோதனை. ஆசிரியப் பணிக்குச் செல்ல இருக்கும் கல்லூரி மாணவர்கள் இதனை நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இனி, பிட்யூட்டரியின் கதைக்கு வருவோம். 1783-ஆம் ஆண்டு இலண்டன் நகரில் சார்ல்ஸ் பைர்ன் என்ற அயர்லாந்து இளைஞர் தம் இருபத்திரண்டாம் வயதில் காலமானார். ஏழரை அடிக்கு மேற்பட்ட உயரமுடைய அவரை மக்கள் காசு கொடுத்துப் பார்த்தார்கள். தம் உடல் மருத்துவர் கையில் சிக்கக் கூடாது, கடலில் அடக்கம் செய்ய வேண்டும் என்று அவர் வேண்டியிருந்தார். அவ்வேண்டுகோள் நிறைவேறவில்லை. ஜான் ஹண்டர் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர் அவ்வுடலைப் பணம் கொடுத்துப் பெற்று, எலும்புக்கூட்டைத் தம் காட்சிச்சாலையில் நிறுத்தினார். 1909-ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் ஹார்வி குஷிங் அந்த மண்டையோட்டைத் திறந்து பார்த்தபோது, பிட்யூட்டரி அமர்ந்திருந்த குழி பெரிதாகிக் கிடந்ததைக் கண்டார். அச்சுரப்பியில் கட்டி வளர்ந்து, வளர்ச்சி ஹார்மோன் மிகையாகச் சுரந்ததே அவ்வுயரத்துக்குக் காரணம். 2011-ஆம் ஆண்டு அவருடைய பல்லிலிருந்து எடுத்த மரபுப் பொருளை ஆராய்ந்து, கட்டிக்கு அடிப்படையான மரபணுக் குறையையும் கண்டறிந்தார்கள். 2023-ஆம் ஆண்டு அக்காட்சிச்சாலை அவருடைய எலும்புக்கூட்டைக் காட்சியிலிருந்து விலக்கியது. விஞ்ஞானம் அவரிடமிருந்து கற்றுக்கொண்டது. அவரை மனிதராக மதிக்கக் கற்றுக்கொள்ளத்தான் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

மிகையானால் பேருருவம், குறைந்தால் குற்றுருவம். 1921-ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் ஹெர்பர்ட் எவான்சும் ஜோசப் லாங்கும் மாட்டின் பிட்யூட்டரிச் சாற்றை எலிகளுக்குச் செலுத்தினார்கள். அவை மற்ற எலிகளைவிட மிகப் பெரிதாக வளர்ந்தன. 1944-ஆம் ஆண்டு எவான்சும் சீன நாட்டில் பிறந்த சோ ஹவ் லீயும் மாட்டின் வளர்ச்சி ஹார்மோனைத் தனியே பிரித்தெடுத்தார்கள். ஆனால் அது மனிதனிடம் வேலை செய்யவில்லை. மனிதனுடைய எலும்பு மனித ஹார்மோனுக்கே செவிசாய்க்கும் என்பது தெரிந்தது. 1958-ஆம் ஆண்டு பாஸ்டன் நகரத்து மருத்துவர் மாரிஸ் ராபென், இறந்தவர்களின் பிட்யூட்டரியிலிருந்து எடுத்த ஹார்மோனைப் பதினேழு வயது இளைஞன் ஒருவனுக்குச் செலுத்தி, அவன் வளர்ந்ததை உலகுக்கு அறிவித்தார்.

பெற்றோர் உள்ளங்களில் நம்பிக்கை மலர்ந்தது. ஆனால் ஒரு குழந்தைக்கு வேண்டிய மருந்துக்கு இறந்தோர் பலருடைய சுரப்பிகள் தேவைப்பட்டன. 1963-ஆம் ஆண்டு அமெரிக்காவில் இதற்கென ஒரு தேசிய அமைப்பே நிறுவப்பட்டது. பல நாடுகளிலும் ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஊசி போட்டுக்கொண்டு வளர்ந்தார்கள். 1985-ஆம் ஆண்டு இடி விழுந்தாற்போல் ஒரு செய்தி வந்தது. முன்பு இச்சிகிச்சை பெற்றிருந்த இளைஞர் சிலர், மூளையை அரிக்கும் க்ரூட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் என்ற கொடிய நோயால் மாண்டார்கள். அந்நோயின் வித்து, எந்த மனிதரிடமிருந்து சுரப்பி எடுக்கப்பட்டதோ அவரிடமிருந்து மருந்தோடு வந்து, பல ஆண்டுகள் பதுங்கியிருந்து வெளிப்பட்டது. அமெரிக்கா உடனே அம்மருந்தை நிறுத்தியது; மற்ற நாடுகளும் நிறுத்தின. எனினும் அவ்வாறு இறந்தோர் தொகை உலகெங்கும் காலப்போக்கில் 200-ஐக் கடந்துவிட்டது. குழந்தை வளர வேண்டும் என்ற ஆசையோடு அன்புடன் கொடுத்த மருந்தே நஞ்சானது. இதனை அஞ்சுவதற்காக நான் சொல்லவில்லை. மருந்து என்பது எவ்வளவு கவனத்தோடு கையாளவேண்டிய பொருள் என்பதை உணர்வதற்காகவே சொல்கிறேன்.

நல்லூழாக, மாற்று வழி ஒன்று அப்போதே உருவாகிக்கொண்டிருந்தது. 1979-ஆம் ஆண்டு விஞ்ஞானிகள் மனித வளர்ச்சி ஹார்மோனுக்குரிய மரபணுவை ஒரு பாக்டீரியாவினுள் புகுத்தி, அதனைக் கொண்டே அந்த ஹார்மோனைச் செய்வித்திருந்தார்கள். 1985-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அம்மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று உலகெங்கும் குழந்தைகளுக்குக் கொடுக்கப்படுவது இவ்வாறு ஆக்கப்பட்டதே. இறந்தோர் உடலோடு அதற்கு யாதொரு தொடர்பும் இல்லை. பிட்யூட்டரி குன்றிய குழந்தைக்கு, எலும்பின் தட்டு மூடுவதற்கு முன்பே தொடங்கி, பல ஆண்டுகள் தொடர்ந்து கொடுத்தால், அக்குழந்தை பெரும்பாலும் இயல்பான உயரத்தை எட்டுகிறது. பெண் பிள்ளைகளில் ஏறத்தாழ 2,000 முதல் 2,500 பேருக்கு ஒருவரிடம் காணப்படும் டர்னர் நோய்த்தொகுதி என்னும் பிறவிக் குறைக்கும் இது பயன்படுகிறது. எந்தக் குறையும் இன்றி வெறுமனே குட்டையாக இருக்கும் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம் என்று 2003-ஆம் ஆண்டு அமெரிக்காவில் அனுமதித்தார்கள். அவ்வாறு கொடுப்பதால் கூடுவது சராசரியாகச் சில சென்டிமீட்டரே. அதற்காகப் பல ஆண்டுகள் நாள்தோறும் ஊசியும் பெரும் பொருட்செலவும் தகுமா என்பது மருத்துவரிடையே இன்றும் விவாதத்துக்குரிய கேள்வியாகும். குட்டையாக இருத்தல் வேறு, நோயுற்றிருத்தல் வேறு என்பதை மறவாதீர்கள்.

வளர்ச்சி குன்றுவதற்கெல்லாம் ஹார்மோனே காரணம் என்று எண்ணிவிடவும் கூடாது. நம் நாட்டில் போதிய உணவு இன்மையும் அடிக்கடி வரும் நோய்களுமே பெருங்காரணங்கள். உணவோடு அன்பும் வேண்டும். இதற்கு ஓர் அரிய சான்று உண்டு. இரண்டாம் உலகப்போருக்குப் பின், 1948-ஆம் ஆண்டில், இங்கிலாந்து அறிஞர் எல்சி விட்டோசன் ஜெர்மனியில் இரண்டு அநாதை விடுதிகளின் குழந்தைகளை ஆராய்ந்தார். ஒன்றில் மேலாளர் அன்பு மிக்க பெண்மணி. மற்றொன்றில், உணவு வேளையிலேயே பிள்ளைகளைக் கடிந்து திட்டும் கடுமையான பெண்மணி. ஆறு மாதத்துக்குப் பின் அக்கடுமையான பெண்மணி முதல் விடுதிக்கு மாறி வந்தார். அதே சமயத்தில் அவ்விடுதிப் பிள்ளைகளுக்குக் கூடுதல் உணவும் கொடுக்கத் தொடங்கினார்கள். கூடுதலாக உண்டும் அப்பிள்ளைகள் எதிர்பார்த்த அளவு வளரவில்லை. கூடுதல் உணவு இல்லாத மற்ற விடுதிப் பிள்ளைகளோ, அப்பெண்மணி நீங்கியதும், நன்கு வளரத் தலைப்பட்டார்கள். 1967-ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர்கள், துன்பம் நிறைந்த வீடுகளில் வளர்ந்த சில குழந்தைகளுக்குப் பிட்யூட்டரிச் சுரப்பே குன்றியிருந்ததையும், அக்குழந்தைகளை வேறு சூழலில் வைத்தபோது, ஊசி எதுவும் போடாமலே, அது மீண்டதையும் எடுத்துக்காட்டினார்கள். அச்சமும் அவமதிப்பும் பிள்ளையின் எலும்பு வரையில் எட்டும் என்பதை இதைவிடத் தெளிவாக எவர் உரைக்க முடியும்?

அடுத்து, உங்கள் வயதினரைப் பெரிதும் கலங்கச் செய்யும் பருவ மாற்றத்தைப் பற்றிச் சில சொற்கள். எல்லாரும் ஒரே வயதில் பருவமடைவதில்லை. முன்பின் இரண்டு மூன்று ஆண்டுகள் இருப்பது இயல்பே. தாமதமாக வளரும் பிள்ளையின் இடக்கையை எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்துப் பார்த்தால், வயது பதினான்கு ஆனாலும் எலும்பின் வயது பன்னிரண்டாக இருக்கும். அப்பிள்ளைக்கு வளர இன்னும் காலம் இருக்கிறது என்பதே அதன் பொருள். பெரும்பாலும் தந்தையோ தாயோ அவ்வாறே தாமதித்து வளர்ந்திருப்பார். ஆனால், பெண் பிள்ளைக்கு எட்டு வயதுக்கு முன்போ ஆண் பிள்ளைக்கு ஒன்பது வயதுக்கு முன்போ பருவக்குறிகள் தோன்றினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அப்பிள்ளை அப்போது எல்லாரையும்விட உயரமாகத் தோன்றும். வளர்ச்சித் தட்டோ முன்னதாகவே மூடிவிடும். இறுதியில் குட்டையாக நின்றுவிடும். அவ்வாறே பெண்ணுக்குப் பதின்மூன்றும் ஆணுக்குப் பதினான்கும் நிறைந்த பிறகும் எந்தக் குறியும் தோன்றாவிட்டாலும் காட்ட வேண்டும். இவ்விரண்டுக்கும் இன்று தக்க சிகிச்சை உண்டு. இதில் வெட்கப்படுவதற்கு ஒன்றும் இல்லை.

உயரத்தைக் கூட்டுவதாகச் சொல்லி விற்கப்படும் மாவுகளையும் மாத்திரைகளையும் கருவிகளையும் நம்பி ஏமாறாதீர்கள். வளர்ச்சித் தட்டு மூடியபின் எந்த மாவாலும் எலும்பு நீளாது; மூடுவதற்கு முன் அந்த மாவு தேவையும் இல்லை. நல்ல உணவு, விளையாட்டு, நிறைந்த உறக்கம் ஆகிய மூன்றும் போதும். ஆழ்ந்த உறக்கத்தின்போதே வளர்ச்சி ஹார்மோன் மிகுதியாகச் சுரக்கிறது என்பதை 1968-ஆம் ஆண்டு முதலே ஆராய்ச்சியாளர் அறிவார்கள்.

அப்படியானால் நாம் செய்ய வேண்டியது யாது? மிக எளிய செயல் ஒன்று. நான் பணியாற்றிய பள்ளிகளில் சுவரில் சென்டிமீட்டர் அளவுகோல் ஒன்றை வரைந்து வைப்பேன். அதற்கு ஆன செலவு சிறிது சாயம் மட்டுமே. வீட்டிலும் நீங்கள் இதனைச் செய்யலாம். காலணி இல்லாமல், குதிகாலும் முதுகும் சுவரில் பட, நேரே நோக்கி நிற்க வேண்டும். தலையின் மேல் ஒரு தடித்த புத்தகத்தைச் சுவரோடு செங்குத்தாக வைத்துக் கோடு இட வேண்டும். மாலையில் நாம் காலையைவிடச் சற்றுக் குறுகியிருப்போம். ஆகையால் எப்போதும் ஒரே வேளையில் அளக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, நாளும் அளவும் குறித்து வைத்தால் போதும். ஐந்து வயதுக்கு மேல் பருவமடையும் வரை, ஓராண்டில் 4 சென்டிமீட்டருக்கும் குறைவாக ஒரு பிள்ளை வளர்ந்தால், அந்தக் குறிப்பை எடுத்துக்கொண்டு குழந்தை மருத்துவரிடம் செல்ல வேண்டும். அவர் அவ்வெண்களை, இந்தியக் குழந்தைகளுக்கென்று 2015-ஆம் ஆண்டில் குழந்தை மருத்துவர் சங்கம் வெளியிட்ட வளர்ச்சி வரைபடத்தில் குறித்துப் பார்ப்பார். பெற்றோர் உயரத்தையும் கேட்பார். தாய் தந்தையர் உயரத்தின் சராசரியோடு ஆண் பிள்ளைக்கு 6.5 சென்டிமீட்டர் கூட்டியும் பெண் பிள்ளைக்கு அதே அளவு கழித்தும் எதிர்பார்க்கும் உயரத்தை மதிப்பிடுவார். அந்த மதிப்பீட்டுக்குள் அடங்குமானால், 'எங்கள் குடும்பமே குட்டைதான்' என்று சொல்லி நிம்மதியாக இருக்கலாம். அளந்து பார்த்த பிறகு சொல்லும்போது அச்சொல்லுக்கு மதிப்பு உண்டு. அளக்காமல் சொல்லும்போது அது வெறும் ஆறுதல்.

மாணவ மாணவியரே, ஆராய்ச்சி அறிஞர்கள் நூறு ஆண்டுகளுக்கு மேலாக உழைத்துத் தைராக்சினையும் வளர்ச்சி ஹார்மோனையும் நம் கையில் கொடுத்திருக்கிறார்கள். ஆனால், உதவி தேவைப்படும் பிள்ளை எது என்பதை ஆய்வுக்கூடத்திலிருந்து அவர்கள் காண முடியாது. அதனைக் காணக்கூடியவர்கள் தாயும் தந்தையும் ஆசிரியரும், பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கும் நீங்களும்தான். முன்வரிசையில் நிற்கும் தோழனைப் பட்டப்பெயர் சொல்லி அழைப்பதை விடுத்து, "வா, அளந்து பார்ப்போம்" என்று அழையுங்கள். ஒருவேளை அவனுக்கு எக்குறையும் இராது. இருந்தாலும் காலம் கடப்பதற்கு முன் கண்டுகொண்டதாக இருக்கும்.